மென்திறன் என்ற பெயர் வருவதற்கு முன்னால்



நம் பிள்ளைகளில் வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். "டீச்சர், எங்களுக்கு மென்திறன் பயிற்சின்னு போட்டிருக்காங்க. நாள் பூரா உக்காரணும். இதெல்லாம் இல்லாமத்தானே நீங்க எங்களை வளர்த்தீங்க?" போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல நீளமாகத்தான் இருக்கும். அவசரமில்லை, இரண்டு தடவையாகக்கூடப் படியுங்கள்.

மென்திறன் என்றதும் ஏதோ கணினிக் கம்பெனி சமாசாரம் என்று தோன்றும். அந்தச் சொல் உண்மையில் அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்தது. துப்பாக்கி, வண்டி, இயந்திரம் இவற்றைக் கையாளும் திறனை ஒரு பக்கமாகவும், ஆட்களை வைத்து வேலை வாங்குவது, மேற்பார்வை பார்ப்பது போன்றவற்றை இன்னொரு பக்கமாகவும் பிரித்து, இரண்டாவதற்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று 1972-ல் அவர்கள் ஒரு மாநாடே நடத்தினார்கள். ராணுவத்திலிருந்து கம்பெனிக்கு வந்து, கம்பெனியிலிருந்து கல்லூரிக்கு வந்து, இப்போது தொடக்கப்பள்ளி வரை வந்திருக்கிறது.

நம் வகுப்பறைக்கு அதைப் பெயர்த்தால் சாதாரண விஷயம்தான். பிள்ளை சொல்வதை முழுசாகக் காதில் வாங்குவது. கோபம் வரும்போது கையைக் கட்டிக்கொள்வது. பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கவனிப்பது. பூப்பறிக்கும் கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்து நிற்கும் அம்மாவிடம், "உங்க பையன் உருப்பட மாட்டான்" என்று சொல்லாமல் வேறு மாதிரி பேசுவது. பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு சண்டை போடாமல் ஒரு வேலையைப் பகிர்ந்து செய்வது. இதையெல்லாம் வாத்தியாருக்கு யார், எப்போது, எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பக்கம் நம்ம ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்து அண்ணாவியாருக்குப் பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. தனக்குத் தன் வாத்தியார் செய்ததை அவர் பிள்ளைகளுக்குச் செய்தார். அதில் மணலில் எழுதவைப்பதும் இருந்தது, கோதண்டம் போட்டுத் தொங்கவிடுவதும் இருந்தது. மூத்த பையன் சின்னவர்களுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையும் இருந்தது. இதைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தில் அதே மாதிரி நடத்திப் பார்த்தார். அவர் அங்கே பொறுப்பேற்றது 1789-ல். 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் பரவியது. நம் திண்ணையிலிருந்து மணலையும் சட்டாம்பிள்ளையையும் அவர்கள் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். கோதண்டம் நம்மிடமே தங்கிவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் முறையான பயிற்சி வந்தது. 1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கினார்கள். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மாதிரிப் பள்ளி, ஒழுங்குக்கு இலக்கணமாக இருக்கும் பள்ளி என்று அர்த்தம். பிற்பாடு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அங்கே பாடம் நடத்தும் முறை கற்றுக்கொடுத்தார்கள். பாடக்குறிப்பு எழுதுவது, கரும்பலகையைப் பயன்படுத்துவது, கேள்வி கேட்பது எல்லாம் அந்த வழியில் வந்தவை. நல்ல விஷயங்கள்தான்.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு ஏற்பாடும் வந்தது. தேர்ச்சிக்கு ஏற்ற மானியம். இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறினார்களோ அந்தக் கணக்குக்குப் பள்ளிக்குப் பணம். வாசிக்கத் திணறும் பிள்ளை வாத்தியார் வீட்டு அரிசியில் கைவைக்கிறான் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வாத்தியாரிடம் போய்ப் பொறுமையாக இரு, பிள்ளை மனசைப் பார் என்று எந்தப் பயிற்சி சொன்னாலும் ஏறுமா? நம் பள்ளிக்கூடங்களில் பிரம்பு இவ்வளவு காலம் ஆட்சி செய்ததற்கு வாத்தியார்களின் குணத்தை மட்டும் குறை சொல்வது சரியில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். மேலே இருந்து வந்த பயம் கீழே பிரம்பாக இறங்கியது. பெற்றோரும் சம்மதித்தார்கள். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போன தாத்தாமார்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு.

இந்தப் போக்கை முதலில் அடியோடு மாற்ற நினைத்தது காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம். 1937 அக்டோபரில் வார்தாவில் மாநாடு கூட்டினார். ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு பாடத்திட்டம் தயாரித்தது. நூற்பு, நெசவு, விவசாயம் என்று ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்ற பாடங்களை அதோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது திட்டம். இந்த வேலையைச் சேவாகிராமத்தில் தூக்கிச் சுமந்தவர் ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரரான ஆரியநாயகம். சாந்திநிகேதனில் தாகூரோடு பணியாற்றியவர். அவரும் அவர் துணைவியார் ஆஷாதேவியும்தான் அங்கே ஆதாரக் கல்விக்கு ஆசிரியர்களைத் தயார்செய்தார்கள்.

நம் மாகாணத்தில் அது சூடுபிடித்தது தி.சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்தபோது. பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவி நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் 1940-லிருந்தே காந்திநிகேதன் ஆசிரமம் இருந்தது. 1947 அக்டோபர் 7-ஆம் தேதி நம்ம பக்கத்தில் காந்திகிராமம் பிறந்தது.

கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில், அம்பாத்துரை ஸ்டேஷன் பக்கம், சிறுமலையடிவாரம். இன்றைக்கு பஸ்ஸில் போகும்போது "யுனிவர்சிட்டி ஸ்டாப்" என்று இறங்கிப் போகிறீர்களே, அந்த இடம்தான். தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் அம்மா டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயதில் கல்யாணமாகி, சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி மூலையில் உட்காராமல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார். 1940-ல் ராமச்சந்திரனை மணந்தார். விதவை மறுமணம், சாதி தாண்டிய கல்யாணம் இரண்டும் ஒரே நேரத்தில். கஸ்தூரிபா நினைவு நிதியின் வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, சின்னாளப்பட்டியில் சிறிய மருத்துவமனை நடத்தினார். ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்காரர், சாந்திநிகேதன் மாணவர். 1924-ல் டில்லியில் காந்தியைச் சந்தித்துக் கலையைப் பற்றித் துருவித்துருவிக் கேள்வி கேட்ட இளைஞர் அவர். அந்தப் பேச்சைக் காந்தியின் பத்திரிகையே வெளியிட்டது.

இவர்கள் மருத்துவமனையும் கிராமப் பணியாளர் பயிற்சியும் நடத்தினார்கள். அதோடு ஆதாரப் பள்ளியும், ஆசிரியர் பயிற்சியும் வந்தன. பின்னாளில் சௌந்தரம் அம்மாவின் தாயார் பெயரில் லட்சுமி கல்வியியல் கல்லூரியும் வந்தது. 1956-ல் கிராமியப் பயிலகம், 1976-ல் பல்கலைக்கழக அந்தஸ்து என்று மற்றவை உங்களுக்குத் தெரிந்த கதை.

ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் எப்படி ஆசிரியரை உருவாக்கினார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆதாரப் பயிற்சி என்றாலே விடுதி வாழ்க்கை. விடியும் முன் எழுந்து சர்வமதப் பிரார்த்தனை. பிறகு துப்புரவு. முற்றம் கூட்டுவது மட்டுமில்லை, கக்கூஸ் சுத்தம் செய்வதும் முறை வைத்துத்தான். சமையலும் முறைதான். இன்றைக்கு இந்தக் குழு அரிசி கழுவும், அந்தக் குழு பாத்திரம் தேய்க்கும். நூற்பு, தோட்ட வேலை, பிறகு வகுப்பு, சாயங்காலம் பக்கத்துக் கிராமத்துக்குப் போவது. வார முடிவில் எல்லாரும் உட்கார்ந்து என்ன சரியாக நடந்தது, யார் வேலையில் குறை என்று பேசுவது. மாணவர்களே அமைச்சர்களாகப் பொறுப்புப் பிரித்துக்கொள்வது.

இதை இன்றைய பயிற்சி ஏட்டின் மொழியில் எழுதினால் குழுப்பணி, தகவல் தொடர்பு, முரண்பாட்டைக் கையாளுதல், தன்மதிப்பீடு, சமூக உணர்வு என்று ஐந்து அமர்வு போடலாம். அங்கே அதற்கு அமர்வே இல்லை. பருப்பு தீய்ந்துபோனால் ஐம்பது பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட வேறு பாடம் வேண்டுமா?

எந்தக் காலத்தில் இது நடந்தது என்பதை மறக்காதீர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலித் தோழர்களை அழைத்துப்போனது 1939 ஜூலை 8-ல். அதற்கு எவ்வளவு எதிர்ப்பு! அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள், இந்த மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்த பையன்களும் பெண்களும், அவரவர் ஊரில் தனிக் குவளையும் தனித் தெருவும் பார்த்து வளர்ந்தவர்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒருவர் சமைத்ததை இன்னொருவர் சாப்பிட்டு, ஒருவர் கழுவ வேண்டியதை இன்னொருவர் கழுவினார்கள். துடைப்பத்தைத் தொட்டே அறியாத வீட்டுப் பிள்ளை கக்கூஸைக் கழுவிவிட்டு வந்துதான் பாடம் கேட்க வேண்டும். அப்படி இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வேலைக்குப் போகும்போது, ஒரு பிள்ளையை "நீ அந்தப் பக்கம் உக்காரு" என்று சொல்ல நாக்கு கூசும். எல்லாருக்கும் கூசியது என்று நான் சொல்லமாட்டேன். விடுதியை விட்டு வந்ததும் பழைய ஆளாகிவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் வாத்தியாரின் மனசுக்குள் கைவைத்த பயிற்சி என்று நம் நாட்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பிறகு ஏன் நிற்கவில்லை? முதல் காரணம், சடங்காகிப் போனது. ஊரில் நூலுக்குச் சந்தை இல்லை. பள்ளியில் தக்ளி சுற்றியது கணக்குக் காட்டுவதற்காக. ஆதாரக் கல்வி எப்படி நடக்கிறது என்று நாடு முழுக்கப் போய்ப் பார்க்க மத்திய அரசு ஒரு மதிப்பீட்டுக் குழு போட்டது. தலைவர் நம்ம ராமச்சந்திரன்தான். 1956-ல் அறிக்கை கொடுத்தார்கள். இரண்டாவது காரணம் நம் மாநிலத்துக்கே உரியது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டம். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் பழகு என்றார். குலக்கல்வி என்று பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். சரியாகத்தான் எதிர்த்தார்கள். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா? 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். ஆனால் அந்த அடி விழுந்ததில், கைத்தொழில் என்று பள்ளியில் எது நடந்தாலும் மக்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாச் சாதியும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பது ஆதாரக் கல்வி. அவரவர் சாதித் தொழிலை அவரவர் செய்யட்டும் என்று ஆகிவிடுகிற திட்டம் மற்றது. இரண்டும் வேறு வேறு. ராட்டையும் உளியும் ஒன்றுபோலத் தெரிந்ததில் முதலாவதும் சேர்ந்து அடிபட்டது. நம் கல்விச் சரித்திரத்தில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இது.

சௌந்தரம் அம்மா 1952-லும் 1957-லும் சட்டமன்றத்துக்குப் போனார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சரானார். அவர் அங்கே இருந்த காலத்தில்தான், 1964-ல், கோத்தாரி கமிஷன் அமைந்தது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பள்ளிகளிலிருந்து ஒதுங்கித் தனித் தீவாக நிற்கின்றன என்று அந்த கமிஷன் சொன்னது. தீவு தீவாகவேதான் இருந்தது. நாங்கள் படித்த பயிற்சியில் உளவியல் பாடம் உண்டு. பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறியதை ஐந்து மார்க்குக்கு எழுதுவோம். அழுகிற பிள்ளையை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று கேள்வித்தாளில் வந்ததே இல்லை.

இடையில் வந்த அறிவொளி இயக்கத்தை ஒரு வரியில் கடந்துபோக மனசில்லை. 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டிய காலம், மாநிலம் முழுக்க ஏராளமான ஆசிரியர்கள் ராத்திரியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். அங்கே ஒரு சங்கடம். படிக்கிறவள் அறுபது வயது அப்பத்தா. அடிக்க முடியாது. "வாய மூடு" என்று அதட்டவும் முடியாது. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு வரமாட்டார், அவ்வளவுதான். அதனால் பாட்டு, கதை, வீதி நாடகம், தெருப் பெயரை வைத்து எழுத்து என்று வாத்தியார்கள் இறங்கி வந்தார்கள். அந்த அனுபவம் பெற்ற பலர் மறுநாள் காலையில் பள்ளியிலும் வேறு ஆளாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

2003-ல் இரண்டு விஷயம் நடந்தது. தமிழ்நாடு கல்வி விதிகளில் உடல் தண்டனைக்கு இருந்த இடத்தை அரசு எடுத்துவிட்டது. அதே வருஷம் சென்னை மாநகராட்சியில் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பமானது. அப்போது மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார். அவர் சொற்பொழிவு வைக்கவில்லை. ஆசிரியர்களை ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷிவேலிக்கு அனுப்பி, அங்கே கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டை வைத்துத் தாங்களே படிப்பதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பார்த்துவிட்டு வந்த ஆசிரியர்களே தமிழுக்கு அட்டைகளைத் தயாரித்தார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்கச் சுமார் 37,000 தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. எங்கள் பள்ளிக்கும் வந்தது.

உங்களில் கடைசிச் செட்டுப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். ஏணிப்படி, படம் போட்ட அட்டைகள், சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு ஒன்று, தோழர்கள் உதவியோடு படிக்கும் குழு ஒன்று, தானே படிக்கும் குழு ஒன்று என்று பாயில் வட்டவட்டமாக உட்காருவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், மேசை நாற்காலி போனது. வாத்தியாரும் பாயில் உட்கார வேண்டும்.

முட்டிவலி வந்தவர்கள் திட்டினார்கள். சேலையில் தூசி என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. "வாத்தியாருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று ஊர்ப் பெரியவர்களே கேட்டார்கள். ஆனால் கீழே உட்கார்ந்த பிறகு பிள்ளையின் முகம் நம் முகத்துக்கு நேராக வந்துவிடுகிறது. நின்றுகொண்டிருந்தபோது உச்சந்தலைதான் தெரியும். உட்கார்ந்த பிறகுதான் உதடு வெடித்திருப்பது, கண் ஓரம் பீளை, காலையில் சாப்பிடாத முகம் எல்லாம் தெரிந்தது. கையில் பிரம்பு வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கே அசிங்கமாக இருக்கும். சட்டம் எடுத்ததைவிட அதிகமான பிரம்புகளைப் பாய்தான் எடுத்தது என்பது என் கட்சி.

குறைகளும் இருந்தன. எல்லாருக்கும் ஒரே அட்டை என்றானபோது, தானாக யோசித்துப் பாடம் நடத்திய நல்ல ஆசிரியரின் கை கட்டப்பட்டது. வகுப்புகளைக் கலந்து உட்காரவைத்ததில் பெற்றோருக்கு "என் பிள்ளை எத்தனாம்ப்பு?" என்ற குழப்பம். பார்வைக்கு வருபவர்கள் அட்டை வரிசையைப் பார்த்தார்கள், பிள்ளை வாசிப்பதைப் பார்க்கவில்லை. இரண்டாவது தலைமுறைப் பயிற்சி வட்டார வள மையத்தில் நடந்தது. ரிஷிவேலியைப் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள், அதைக் கேட்டவர்களுக்குச் சொன்னார்கள். மூன்றாம் கைக்கு வரும்போது அட்டை இருந்தது, அதன் பின்னால் இருந்த மனசு பாதிதான் வந்து சேர்ந்தது. 2012-க்குப் பிறகு பாடநூலோடு சேர்த்து எளிமையாக்கினார்கள். பிறகு முறை மாறிக்கொண்டே வந்து, 2022 முதல் எண்ணும் எழுத்தும்.

இதற்கு நடுவில் 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில் அடிப்பதையும் மனசை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்தது. செய்யாதே என்பது தெளிவாக வந்துவிட்டது. அதற்குப் பதிலாக என்ன செய் என்பதை அந்தக் கோபம் வரும் நிமிஷத்தில் யார் சொல்லித்தருவது? அதைச் சொல்லித்தரத்தான் இந்த மென்திறன் பயிற்சி என்றால் நான் மனசார வரவேற்பேன். மண்டபத்தில் எழுபது பேரை உட்காரவைத்துத் திரையில் படம் ஓட்டி, பொறுமையைப் பற்றி மூன்று மணி நேரம் பொறுமையில்லாமல் பேசி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி அனுப்புவதென்றால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பயிற்சியில் வாத்தியாரை எப்படி நடத்துகிறோமோ அதைத்தான் அவர் திரும்ப வகுப்புக்கு எடுத்துப்போகிறார். நாள் பூரா எமிஸ் விவரம் ஏற்றச் சொல்லி விரட்டப்பட்ட ஆளிடம் போய் உற்றுக்கேட்கும் திறன் பற்றி வகுப்பெடுத்தால், அந்தக் காலத்து இன்ஸ்பெக்டர் கதைதான் திரும்ப நடக்கும்.

இன்றைக்கு இதைப் பேச வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக்கயிறு பற்றியது மட்டும்தான் செய்தியில் பெரிதாக வந்தது. அந்த அறிக்கை ஆசிரியர்களைப் பற்றியும் நிறையப் பேசுகிறது. ஆசிரியர் படிப்பின் பாடத்திட்டத்தைத் திருத்துவது, வேலைக்கு எடுக்கும்போதே சமூக நீதி பற்றிய அவர்கள் பார்வையைக் கவனிப்பது, வேலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் அதில் இருக்கிறது. படித்ததும் எனக்குக் காந்திகிராமத்துச் சமையல்கூடம்தான் ஞாபகம் வந்தது. ஒரே பந்தியில் ஆரம்பித்த ஒரு பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, எழுபது வருஷம் கழித்து அதே இடத்துக்கு அறிக்கை எழுதித் திரும்பியிருக்கிறோம்.

அதனால் அந்தத் தங்கச்சிக்குச் சொல்கிறேன். பயிற்சிக்குப் போ. போய்ச் சும்மா உட்காராதே. "கடைசி பெஞ்சுல ஒருத்தன் மூணு நாளா வாயே திறக்கல, நான் என்ன செய்யணும்?" என்று உன் வகுப்புப் பிள்ளையையே கேள்வியாக எடுத்துப்போய்க் கேள். மத்தியானம் சாப்பிடும்போது உன் பள்ளிக்கூட ஆட்களோடு உட்காராமல், தெரியாத ஊர் டீச்சரோடு டப்பாவைத் திற.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஆத்தூர், சின்னாளப்பட்டி பக்கம் உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆதாரப் பயிற்சி முடித்தவர்கள் இருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். யாரோடு சேர்ந்து சமைத்தார்கள், வீட்டில் அதைச் சொன்னார்களா, மறைத்தார்களா, லீவுக்கு வந்தபோது தீட்டு என்று திண்ணையில் நிற்கவைத்தார்களா, எதுவானாலும் சரி. பழைய குரூப் போட்டோ இருந்தால் அதையும் போடுங்கள். பெயர் தெரிந்த முகங்களுக்குப் பெயர் எழுதிப் போடுங்கள். அந்தத் தலைமுறையில் இன்னும் பேசக்கூடிய நிலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.